ரசகுல்லா ஆன புள்ளி

கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டில் ஒரு அண்ணாச்சி கடை உண்டு. அப்பளம், நல்லெண்ணெய், காபிப் பொடி என்று எல்லாம் கிடைக்கும். மாற்றலாகி வருகிற தமிழ்க் குடும்பங்கள் வாடகை வீடு பிடிப்பதற்கு முன்பே அந்தக் கடையைக் கண்டுபிடித்துவிடும். அப்பா துறைமுக வேலைக்கு வந்தபோது எங்கள் குடும்பமும் அப்படித்தான். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இந்த ஊரில். வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம்.

எழுத்து வரைவது என் தொழில். ஒரு விளம்பர ஆபீஸில் பல வருஷம் இருந்துவிட்டு, பிறகு சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தேன். அண்ணாச்சி இட்லி மாவை பாக்கெட்டில் போட்டு விற்க நினைத்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்.

"தமிழ்ல பெருசா இருக்கணும்மா. ஆனா தமிழ் தெரியாதவனும் நின்னு பாக்கணும். பெங்காலிக்காரங்க இப்ப நம்மளவிட ஜாஸ்தி இட்லி திங்காங்க."

கொழுகொழுவென்று, எங்கேயும் முனை குத்தாத எழுத்தாக வரைய வேண்டும் என்று எனக்குப் பட்டது. சொல்வது சுலபம். தமிழ் எழுத்தைத் தடிமனாக்கினால் முதலில் மூச்சு முட்டுவது அதன் சுழிகளுக்குத்தான். 'இ'க்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு, எழுத்து ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும். நான் அந்த வெள்ளை இடங்களை நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி, சாய்த்து, எள் வடிவத்தில் விட்டேன். எழுத்துக்கு உயிர் வந்துவிட்டது. 'ட'வின் மூலையை உருட்டினேன். அது ஒரு சோபா மாதிரி ஆயிற்று. அதன் தலையில் வர வேண்டிய புள்ளியைப் பெரிதாக்கி, லேசாகத் தட்டையாக்கி, சோபாவில் ஓர் இட்லி வந்து உட்கார்ந்துகொண்டது போல வைத்தேன். வரைந்து முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

அண்ணாச்சி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, எழுத்தெல்லாம் முழுகாம இருக்க மாதிரி இருக்கு."

"ஒரு மாசம் போட்டுப் பாருங்க அண்ணாச்சி. பிடிக்கலன்னா மாத்தித் தரேன்."

மாற்ற வேண்டியிருக்கவில்லை. சாமான் வாங்க வரும் குழந்தைகள் அந்தப் புள்ளியை விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். இனிஷியல் தவிரத் தமிழில் எதையும் எழுதத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள்கூட 'இட்லி' என்று எழுத்துக் கூட்டினார்கள். வங்காளிப் பெண்கள் "அந்த குண்டு எழுத்து பாக்கெட்" என்று கேட்டு வாங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் காளிகாட்டில், கோயில் சந்துக்குப் பக்கத்தில், ஒரு மாடி அறையை நானும் இன்னொருவரும் சேர்ந்து எடுத்திருந்தோம். விளம்பர ஆபீஸில் எனக்கு மூத்தவர் அவர். தாதா என்று கூப்பிடுவேன். தமிழ்நாட்டில் தாதா என்றால் வேறு அர்த்தம். இங்கே அண்ணன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் அந்த வார்த்தையை நான் சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. அவரும் என்னை 'துய்' என்றுதான் கூப்பிடுவார். வங்காளத்தில் 'நீ' என்பதற்குள்ளேயே தூரமும் நெருக்கமும் உண்டு. 'துய்' என்பது தங்கையிடமும் பால்ய சிநேகிதனிடமும் சொல்வது.

நான் வரைந்த பாக்கெட்டை மேஜையில் பார்த்ததும் தாதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதை வங்காளத்தில் செய்தால் என்ன?"

"உங்க எழுத்துக்குத் தலைக்கு மேலே நேர்க்கோடு ஓடுதே தாதா. அது விறைப்பா நிக்கும். குண்டு எழுத்துக்கு ஒத்து வராது."

"அதுக்கு வழி சொல்லு."

வழி கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அந்த நேர்க்கோட்டை ஒவ்வோர் எழுத்தின் மேலும் கொஞ்சம் தொய்யவிட்டு, இரண்டு பக்கமும் தலையணை முனை மாதிரி உப்பவிட்டேன். அடுத்த எழுத்தோடு சேரும்போது இரண்டு தலையணைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு படுத்திருப்பது போல இருந்தது. தாதா அதைத் திருத்தித் திருத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அந்தக் கையும் பொறுமையும் எனக்குக் கிடையாது. அதை அன்றைக்கும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

வங்காள 'ர' எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி உண்டு. தாதா அதைச் சின்னதாகப் போட்டிருந்தார். நான் என் 'ட்'டைக் காட்டி, "இதோ பாருங்க, எங்க இட்லியை எடுத்து உங்க 'ர'வுக்குக் கீழே வைங்க" என்றேன். வைத்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். அதற்குப் பிறகு எங்கள் அறையில் அந்தப் புள்ளிக்கு இட்லி என்றே பெயர். "இட்லி கொஞ்சம் இடது பக்கம் நகரணும்" என்று தாதா சுத்த வங்காளத்தில் சொல்வார்.

தமிழ், வங்காளம், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்த ஒரு குடும்பமாக அந்த எழுத்துருவை வெளியிடுவது என்று முடிவு செய்தோம். நடுநடுவே அதைப் பல இடங்களில் போட்டுப் பார்த்தோம். ஏரிக்கரையில் நீச்சல் வகுப்புக்கு ஒரு போர்டு. குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டருக்கு ஒரு போர்டு. பிறந்தநாள் தோரணம். சிரிக்கிற இடத்தில் எல்லாம் அது பொருந்தியது. சில இடத்துக்கு ஆகாது என்பதும் தெரிந்தது. அலிப்பூர் கோர்ட் வக்கீல் ஒருவர் தன் பெயர்ப் பலகையை இதில்தான் எழுத வேண்டும் என்று அடம் பிடித்தார். தாதா அவரிடம், "ஐயா, கொலைக் கேஸ்காரன் இந்தப் பலகையைப் பார்த்தால் ஐஸ்க்ரீம் கேட்பான்" என்று சொல்லி அனுப்பினார்.

பௌதியும் அடிக்கடி அறைக்கு வருவாள். பௌதி என்றால் அண்ணி, தாதாவின் மனைவி. ஸ்கூல் டீச்சர். வரும்போது டிபன் டப்பாவில் எனக்கென்று மீன் போடாத ஏதாவது ஒன்று இருக்கும்.

மூன்றாவது வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தமிழ் எழுத்துகளில் பாதி முடிந்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். பௌதி ஆஸ்பத்திரிக்கே சாப்பாடு கொண்டுவந்து தந்தாள். தாதா வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எழுத்துருவைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு கம்பெனி ஆர்வமா இருக்கு. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"நீங்க எது செஞ்சாலும் சரி தாதா" என்றேன். அப்பாவை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து அந்த வண்டிக்குப் பின்னால் போனேன்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு நாள் என் கணவர் பஸ்ஸிலிருந்து போன் செய்தார்.

"உன் எழுத்து ரோட்டுல நிக்குது. பெரிய பந்தல் வாசல் முழுக்க."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூங்கில் கட்டியிருந்த வளைவில், ஓர் ஆள் உயரத்துக்கு, எங்கள் எழுத்துகள். தொய்ந்த நேர்க்கோடு, தலையணை முனை, 'ர'வுக்குக் கீழே இட்லி. அடுத்த தெருவிலும் இருந்தது. பஸ்ஸின் பின்பக்கத்தில், குளிர்பான விளம்பரத்தில், ஒரு செருப்புக் கடையின் தள்ளுபடிப் பலகையில்கூட இருந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. தாதா பரிசோதனைக்கு விட்டிருக்கிறார், அப்பா படுத்திருப்பதால் சொல்லவில்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். போட்டோ எடுத்துத் தாதாவுக்கு அனுப்பினேன். ஒரு சிவப்பு இதயம் பதிலாக வந்தது. வேறொன்றும் இல்லை.

குளிர்காலத்தில் தாதா கூப்பிட்டார். எழுத்துருவைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்றும் நான் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றும் சொன்னார். மேடைக்குக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது. நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சத்தமான பூ மார்க்கெட்டில் நின்று பொறுக்கி, ரஜனிகந்தா என்கிற சம்பங்கிப் பூங்கொத்து ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

பௌதி எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாதா கறுப்புப் பஞ்சாபி ஜிப்பா போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். பின்னால் திரையில் 'ர' எழுத்து வந்தது.

"வடக்குக் கல்கத்தாவில் என் தாத்தாவுக்கு ஒரு மிட்டாய்க் கடை இருந்தது" என்று ஆரம்பித்தார். "சின்ன வயதில் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, பாகில் ரசகுல்லா மிதப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ வருஷம் கழித்து இந்த எழுத்தை வரைய உட்கார்ந்தபோது, என் கை அந்த உருண்டையைத் தானாகவே வரைந்தது."

கூட்டம் கைதட்டியது.

தாதாவின் தாத்தா அலிப்பூர் கோர்ட்டில் குமாஸ்தா. தாதாவுக்கு இனிப்பே பிடிக்காது. காளி கோயில் பேடாவைக்கூட என் பக்கம் தள்ளிவிடுவார். நான் பௌதியின் முகத்தைப் பார்த்தேன். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மட்டும் விடவில்லை.

திரையில் ஒவ்வொன்றாக வங்காள எழுத்துகள் வந்தன, ஆங்கில எழுத்துகள் வந்தன. தமிழ் வரவே இல்லை. கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "இது மற்ற இந்திய மொழிகளில் வருமா?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது என் கனவு" என்றார் தாதா. "ஆனால் அந்தந்த மொழிக்காரர்கள்தான் முன்வந்து செய்ய வேண்டும்."

நான் அவருக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெட்கமோ பயமோ எதுவும் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. திருடியவன் முகம் இப்படி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கூட்டம் முடிந்ததும் பூவை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காளிகாட் அறைக்குப் போனேன். தாதா டீ வரவழைத்தார்.

"தமிழ் எங்கே போச்சு தாதா?"

"கம்பெனிக்காரங்க இப்போ வேண்டாம்னுட்டாங்க. பிறகு சேர்த்துக்கலாம்."

"என் பெயர்?"

"நீ ஆஸ்பத்திரில இருந்த. தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்."

"அந்த மிட்டாய்க் கடை?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "ஜனங்களுக்கு ஒரு கதை வேணும். பூஜைப் பந்தலில் நிற்கிற வங்காள எழுத்து இட்லியிலிருந்து வந்ததுன்னு சொன்னா யாருக்குப் பிடிக்கும்? ஒரே ஒரு ஆளோட கதையா இருந்தாத்தான் மனசுல நிக்கும்."

"நான்தான் அந்தப் புள்ளியை வைக்கச் சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"புள்ளி எங்க எழுத்துல ஆயிரம் வருஷமா இருக்கு" என்றார். பிறகு, "நீங்கதானே சொன்னீங்க, எது செஞ்சாலும் சரின்னு" என்றார்.

தமிழில் எழுதும்போது 'நீங்க' என்றுதான் போட முடிகிறது. அவர் சொன்னது 'துமி', 'துய்'யைவிட ஒரு படி தள்ளி நிற்கிற 'நீ'. அத்தனை வருஷம் 'துய்' என்றவர் அந்த ஒரு வாக்கியத்தில் 'துமி' ஆக்கினார். அவருக்கே அது தெரிந்திருக்காது. என் காதில் கதவு சாத்துகிற சத்தம் மாதிரி விழுந்தது. அப்பாவை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது நான் சொன்னதை அவர் சம்மதமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே என் மேஜையை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கணவர் அலிப்பூரில் அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அழைத்துப் போனார். எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார். இல்லை. அண்ணன் தங்கைக்குள் என்ன எழுதுவது. கேஸ் போடலாம், இழுக்கும் என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த மேடையில் தாதா உண்மையைச் சொல்வது. அதை எந்த கோர்ட்டும் வாங்கித் தராது என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

அடுத்து அண்ணாச்சி கூப்பிட்டார். கல்லாவுக்குப் பின்னால் சங்கடமாக நின்றுகொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. கடைக்கு வாரவங்க கேக்குதாங்க. பூஜைக்குப் போட்டிருந்த அந்த எழுத்தை நீங்க காப்பி அடிச்சிட்டீங்களான்னு. ஒருத்தர் போட்டோவே எடுத்துட்டுப் போனாரு."

"அண்ணாச்சி, இதைப் பாத்துத்தான் அது வந்துச்சு."

"எனக்குத் தெரியாதா? முதல் பாக்கெட்டே என் கடையிலதான போட்டோம். ஆனா வாரவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் விளக்கிட்டு நிக்க முடியுமா? நாம பொழைக்க வந்த ஊரு. வேற எழுத்து போட்டுக் குடுத்துரும்மா."

அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்கு வந்து, நேரான, ஒல்லியான, யாருக்கும் நினைவில் நிற்காத எழுத்தில் 'இட்லி மாவு' என்று எழுதினேன். புள்ளி, புள்ளி அளவுக்கே இருந்தது. என் கையால் என் எழுத்தை எடுத்துப் போட்ட அந்த மத்தியானம்தான் அழுதேன். மேடையில் நடந்ததற்கு அழுகை வரவில்லை. இதற்கு வந்தது.

கொஞ்ச நாள் கழித்து பௌதி வீட்டுக்கு வந்தாள். அப்பா படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு என்னோடு சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவருக்கு ஒரு கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்காங்க. நீ எங்கேயாவது இதைப் பற்றி எழுதப் போறியான்னு கேட்க வந்தேன்."

"மிட்டாய்க் கடை இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே பௌதி."

"தெரியும். வீட்டில் என் முன்னாடிதான் அதைப் பேசிப் பழகினார்."

அடுப்பில் பால் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அப்போ அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டது?"

"நீ எழுந்துடுவியோன்னு பயமா இருந்தது" என்றாள்.

ஆறுதலுக்குப் பிடித்திருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அத்தனை நாளும் அந்தக் கூட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மிச்சமாக இருந்த ஒரே நல்ல விஷயம் அந்தக் கை. அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக நன்றி சொல்வதா, வெளியே போ என்பதா என்று தெரியாமல், டீ போட்டுக் கொடுத்தேன். எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. எழுதுவேன் என்றும் சொல்லவில்லை. அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

தமிழ் எழுத்துகளை இரண்டு வருஷம் கழித்துத் தனியாகவே முடித்தேன். என் பெயரில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டேன். கூடவே நடந்ததை நாலு வரியில் சொன்னேன். திட்டவில்லை. எது முதலில் வரையப்பட்டது, யார் எதைச் செய்தார்கள் என்பது மட்டும். தாதா செய்த வேலையையும் சொன்னேன். தமிழ்நாட்டில் பாலர் பள்ளிகளும் பொம்மைக் கடைகளும் அந்த எழுத்தை எடுத்துக்கொண்டன. "அந்த வங்காள எழுத்துருவின் தமிழ் வடிவம் நன்றாக இருக்கிறது" என்றும் சிலர் எழுதினார்கள். நாலு வரியை யாரும் படிப்பதில்லை. தாதாவிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவர் இப்போது பாடம் நடத்துகிறார். ரசகுல்லாக் கதையைச் சொல்லித்தான் முதல் வகுப்பை ஆரம்பிக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். என் எழுத்தைப் பார்த்துவிட்டு, மலையாளத்துக்கும் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கெட்டிக்காரி. அவள் அனுப்பிய முதல் வரைபடத்திலேயே எனக்குத் தோன்றாத ஒரு வளைவு இருந்தது. வாரக்கணக்கில் போனில் பேசினோம். அக்கா அக்கா என்று கதை பேசுவாள், நான் சிரித்துக்கொண்டே வரைவேன். ஒரு நாள் வேலைக்கு நடுவே சொன்னேன்.

"மேலே போறதுக்கு முன்னாடி, யார் என்ன செய்யறோம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கலாமா?"

"என்னை நம்பலையா அக்கா?"

"நம்பறேன். இருந்தாலும் எழுதிக்கலாம்."

"சரிக்கா" என்றாள். மறுநாளே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். வேலையும் நன்றாகத்தான் நடக்கிறது. இப்போது போன் செய்தால் எழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறாள்.